உடல்நீரில் புற்றுநோய் செல்லைத் தேடிய கதை

சினிமா, கிரிக்கெட், பழைய கோட்டைகள் என்று எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் நான் இந்த முறை கொஞ்சம் கனமான விஷயத்தை எடுத்திருக்கிறேன். இதற்குக் காரணம் எங்கள் அத்தை. அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, முத்தாபுதுப்பேட்டையிலேயே இருக்கிறார். ஏர்ஃபோர்ஸ் காம்பவுண்டுச் சுவர் தெரியும் தூரம். விமானம் தாழப் பறந்தால் டிவி சத்தத்தை ஏற்றி வைக்கும் வீடு.

இரண்டு வருடத்துக்கு முன் அத்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் வலது நுரையீரலைச் சுற்றி நீர். முதுகுப்பக்கம் ஊசி போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தது என்று மாமா சொன்னார். எடுத்ததில் ஒரு சின்ன பாட்டில் மட்டும் லேபுக்குப் போனது, மிச்சத்தைக் கொட்டிவிட்டார்கள். லிம்போசைட் அதிகமாக இருக்கிறது, டிபியாகத்தான் இருக்கும் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. ஏன் டிபி என்று நினைத்தார்கள் என்பதற்கு நியாயம் உண்டு, பின்னால் வருகிறேன்.

இரண்டு மாதம் கழித்து நீர் திரும்பி வந்தது. இந்த முறை வயிறும் உப்பியிருந்தது. வேறு ஓர் இடத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தபோது வந்த ரிப்போர்ட்டை என்னிடம் கொடுத்து, "நீதானே மைக்ரோபயாலஜி படிக்கிறே, இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு" என்றார் மாமா. அதில் இருந்தது இதுதான்: இயல்புக்கு மாறான செல்கள் தெரிகின்றன. அவை தூண்டப்பட்ட மீசோதீலியல் செல்களா, புற்றுநோய் செல்களா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செல் பிளாக் செய்து ஆன்டிபாடி சாயம் போட்டுப் பார்க்கவும்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் வருட மாணவனுக்கு என்ன புரியும்! புற்றுநோய் என்றால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடாதா? கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாத செல்லுக்குச் சாயம் பூசினால் மட்டும் எப்படித் தெரியும்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நீர். வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதற்கு நம் சித்த மருத்துவத்தில் மகோதரம் என்று பெயர். ஆனால் அந்த நீரை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனைக்கு வயது சுமார் 150 வருடம்தான். 1867-ல் லூக்கே, கிளெப்ஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் வயிற்று நீரில் புற்றுநோய் செல்கள் மிதப்பதை விவரித்தார்கள். 1896-ல் அமெரிக்காவில் பாரன்பர்க் என்பவர் நீரின் அடியில் தங்கும் கசண்டை ஒரு திசுத் துண்டு போலவே பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார். இன்றைக்கு செல் பிளாக் என்று சொல்கிறோமே, அதன் முன்னோடி அதுதான். அத்தையின் ரிப்போர்ட்டில் வந்த அந்த வார்த்தை 19-ஆம் நூற்றாண்டு விஷயம் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

1900-ல் பாரிஸில் விடால், ராவோ என்ற இருவர் நெஞ்சு நீரில் எந்த வகை செல் அதிகம் என்று எண்ணிப் பார்த்தே நோயைச் சொல்லலாம் என்றார்கள். டிபி நீரில் லிம்போசைட் அதிகம் இருக்கும் என்பது அவர்கள் காட்டியது. (டைபாய்டுக்கு விடால் டெஸ்ட் எடுக்கிறோமே, அதே விடால்தான்.) ஆக, அத்தையின் முதல் டாக்டர் லிம்போசைட்டைப் பார்த்து டிபி என்று நினைத்தது 1900-லிருந்து வரும் வழக்கம்.

அதற்குப் பிறகு பாபனிகோலாவ். கிரேக்க நாட்டு டாக்டர். 1913-ல் நியூயார்க்கில் வந்து இறங்கியபோது முதலில் கிடைத்த வேலை ஒரு கடையில் கம்பளம் விற்பது. கர்ப்பப்பை வாயிலிருந்து உதிரும் செல்களை வைத்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று 1928-ல் அவர் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1941-ல் டிராட் என்ற மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்த ஆராய்ச்சிக்காக அவருடைய மனைவி மேரி வருடக்கணக்கில் தன்னிடமிருந்தே மாதிரி எடுக்கக் கொடுத்திருக்கிறார். பாப் டெஸ்ட் என்ற பெயரில் கணவர் மட்டும்தான் இருக்கிறார் என்பது வேறு விஷயம். அவர் கலந்து வைத்த சாயம் கர்ப்பப்பை வாய்க்கு மட்டுமல்ல, நெஞ்சு நீர், வயிற்று நீர், சளி, சிறுநீர் எல்லாவற்றுக்கும் பரவியது.

சரி, அப்படியானால் சிக்கல் எங்கே? மீசோதீலியல் செல்லில்தான். நுரையீரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறையின் உள்பக்கம் ஓடு பதித்த தரை மாதிரி ஒரே ஓர் அடுக்கில் இந்தச் செல்கள் படுத்திருக்கும். சாதாரண நாளில் சாது. நீர் கோத்தாலோ, பக்கத்தில் வீக்கம் வந்தாலோ, கல்லீரல் கெட்டாலோ இவை கோபித்துக்கொண்டு உப்பிவிடும். உட்கரு பெரிதாகும். சில செல்களில் இரண்டு மூன்று உட்கரு வரும். தரையை விட்டுக் கழன்று கும்பல் கும்பலாக நீரில் மிதக்கும். புற்றுநோய் செல்லுக்கு என்னென்ன அடையாளம் சொல்லியிருக்கிறதோ, அதில் பாதி இவற்றிடமும் இருக்கும். போலீஸ்காரர் வேஷத்தில் திருடன் என்றால் பரவாயில்லை. இங்கே திருடன் வேஷத்தில் நல்ல மனுஷன்!

இதன் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். நல்ல செல்லைப் புற்றுநோய் என்று சொன்னால் இல்லாத நோய்க்குக் கீமோதெரபி. புற்றுநோயை நல்ல செல் என்று சொன்னால் கைக்கு வந்த நாட்கள் போச்சு. புற்றுநோயால் நெஞ்சில் நீர் கோத்தவர்களில் சாதாரணச் சாயம் போட்டு ஒருமுறை பார்த்தால் சுமார் 60 சதவீதம் பேருக்குத்தான் விடை கிடைக்கும் என்று பாடப்புத்தகங்களே சொல்கின்றன. மீதிப் பேருக்கு மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. அதுதான் டிபி. சென்னைக்கும் டிபிக்கும் உள்ள உறவு தனிக் கட்டுரைக்கு உரியது. தாம்பரம் சானட்டோரியம் ஸ்டேஷன் பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1928-ல் டாக்டர் சவுரி முத்து அங்கே டிபி நோயாளிகளுக்காக சானட்டோரியம் ஆரம்பித்தார், 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, இதுதான் அன்றைய மருந்து. பிறகு 1956-ல் சேத்துப்பட்டில் டிபி ஆராய்ச்சி மையம் வந்தது. சானட்டோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் அங்கிருந்து வந்த ஆய்வு உலகம் முழுக்க டிபி சிகிச்சையை மாற்றியது. இப்படிப்பட்ட ஊரில் நெஞ்சில் நீர் என்றால் டாக்டரின் மனது முதலில் டிபிக்குத்தான் போகும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அத்தை விஷயத்தில் இல்லை, அவ்வளவுதான். (கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கொட்டிய அந்த ஒரு லிட்டரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதில்தான் விடை மிதந்திருக்க வேண்டும்.)

இப்போது ஆன்டிபாடி. பள்ளிப் புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்போம். உடம்புக்குள் வரும் அந்நியப் பொருளைப் பிடிக்க உடம்பே செய்துகொள்ளும் புரதம். ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் ஒரே ஒரு பூட்டுதான் பொருந்தும். இதை உங்களுக்குப் புரியவைக்க நான் வெளிநாடு போக வேண்டியதில்லை, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி வரை போனால் போதும். 1978-ல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கின் விஷத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் குதிரையின் ரத்தத்தில் விஷத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி உருவாகும். அதைப் பிரித்து எடுத்தால் விஷமுறிவு மருந்து. 1890-ல் பெஹ்ரிங்கும் கிதசாதோவும் டெட்டனஸ், டிப்தீரியாவுக்குக் காட்டிய வழி இது. சில வருடத்தில் கால்மெட் அதைப் பாம்பு விஷத்துக்குக் கொண்டுவந்தார். நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் அம்மைத் தடுப்பூசி தயாரிக்க ஆரம்பித்து, பிறகு பல காலம் பாம்புக்கடி சீரமும் தயாரித்த இடம்.

அதுவரை ஆன்டிபாடி என்றால் மருந்து. அதையே டார்ச் லைட்டாக மாற்றலாம் என்று நினைத்தவர் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர். 1939-ல், உலகப்போர் தொடங்குவதற்குச் சற்று முன், விடுமுறைக்கு பெர்லின் போயிருந்தார். மூட்டுவாதக் காய்ச்சலில் இதயத் திசுவில் வரும் முடிச்சுகளுக்குள் கிருமியின் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு அங்கேதான் இந்த யோசனை வந்தது: ஆன்டிபாடிக்கு ஒரு சாயத்தைக் கட்டி அனுப்பினால், அது எங்கே போய் ஒட்டுகிறதோ அந்த இடம் தெரியுமே! ஹார்வர்டுக்குத் திரும்பி 1941-ல் செய்து காட்டினார். முதலில் கட்டிய சாயம் நீலமாக ஒளிர்ந்தது. ஆனால் திசுவே லேசாக நீலமாக ஒளிரும் குணம் கொண்டது, எது எது என்று தெரியவில்லை. 1942-ல் பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசீனுக்கு மாறினார். அதே வேகத்தில் அவரை ராணுவம் கூப்பிட்டுக்கொண்டது, போர் முடிந்துதான் மறுபடி லேபுக்கு வர முடிந்தது.

ஒளிரும் சாயத்தில் குறைகள் இருந்தன. இருட்டறை வேண்டும், தனி மைக்ராஸ்கோப் வேண்டும், கொஞ்ச நாளில் மங்கிவிடும். முக்கியமாக, செல்லின் உருவம் சரியாகத் தெரியாது. நோயியல் டாக்டருக்கு உருவமும் வேண்டும், அடையாளமும் வேண்டும். 1966-ல் அமெரிக்காவில் நகானே, பியர்ஸ் இருவரும், கிட்டத்தட்ட அதே சமயத்தில் பாரிஸில் அவ்ராமியாஸும், சாயத்துக்குப் பதிலாக ஒரு என்சைமை ஆன்டிபாடியோடு கட்டினார்கள். பெராக்சிடேஸ். அது டி.ஏ.பி. என்ற ரசாயனத்தைப் பழுப்பு நிறக் கறையாக மாற்றும். சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும், மங்காது. உட்கருவை ஹீமடாக்சிலின் போட்டு நீலமாக்கிவிட்டால் நீலப் பின்னணியில் பழுப்பு பளிச்சென்று தெரியும்.

இந்தப் பெராக்சிடேஸ் எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? குதிரைமுள்ளங்கி என்ற ஐரோப்பியக் கிழங்கிலிருந்து. காரமான வேர், அரைத்து இறைச்சியோடு தொட்டுக்கொள்வார்கள். நம் நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு அது கிடைக்காமல் அதே காரம் உள்ள முருங்கை வேரைத் தோண்டி அரைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். முருங்கைக்கு ஆங்கிலத்தில் குதிரைமுள்ளங்கி மரம் என்றே ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டுப் பின்னால் நிற்கும் முருங்கைக்கும் அத்தையின் ஸ்லைடுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைதான். சும்மா சொன்னேன்.

இன்னும் ஒரு தடை இருந்தது. குதிரையிலோ முயலிலோ எடுக்கும் சீரம் ஒரே ஆன்டிபாடி இல்லை, நூறு விதமான ஆன்டிபாடிகளின் கலவை. ஒரு முயல் செத்தால் அடுத்த முயலில் அதே கலவை வராது. இதைத் தீர்த்தது 1975. கேம்பிரிட்ஜில் அர்ஜென்டினாக்காரர் மில்ஸ்டீனும் ஜெர்மானியர் கோலரும் ஆன்டிபாடி செய்யும் எலியின் செல்லையும், சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் ஒரு புற்றுநோய் செல்லையும் ஒட்டிவிட்டார்கள். பிறந்த கலப்பினச் செல் சாகாது, ஒரே வகை ஆன்டிபாடியை மட்டும் காலத்துக்கும் சுரக்கும். மோனோக்ளோனல் ஆன்டிபாடி. 1984-ல் நோபல் பரிசு. காப்புரிமை எடுக்காமல் விட்டதில் பிரிட்டனுக்கு எவ்வளவு பணம் போயிற்று என்று பிற்பாடு பெரிய சண்டையே நடந்தது. புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தயாரிப்பதே ஒரு புற்றுநோய் செல்தான் என்பதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தபோது நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது. இப்போதுதான் உறைத்தது.

இரண்டு செல்லை ஒட்டுவதற்கு அவர்கள் பயன்படுத்திய பசை, செயலிழக்கச் செய்த செண்டாய் வைரஸ். அந்தப் பசையை வைத்து வேறு வேறு உயிரினங்களின் செல்களையே ஒட்டலாம் என்று 1965-ல் காட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டின் ஹென்றி ஹாரிஸ். நம் கதையின் அடுத்த கட்டத்துக்கு நாயகனும் அவரே, கொஞ்சம் சோக நாயகன்.

1982-ல் லான்செட் இதழில் ஹாரிஸின் குழுவினர் வரிசையாக மூன்று கட்டுரை வெளியிட்டார்கள். சிஏ1 என்று ஓர் ஆன்டிபாடி. அநேகமாக எல்லாப் புற்றுநோய் செல்லிலும் ஒட்டுகிறது, நல்ல செல்லில் ஓரிரு விதிவிலக்கு தவிர ஒட்டுவதில்லை என்றார்கள். மூன்றாவது கட்டுரை நம் விஷயம்: நெஞ்சு நீரிலும் வயிற்று நீரிலும் சிஏ1 போட்டுப் புற்றுநோய் செல்லைப் பிடிப்பது. அதை எழுதியவர்களில் ஒருவர் ஆர்தர் ஸ்பிரிக்ஸ். உடல்நீரில் மிதக்கும் செல்களைப் பார்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர், 1957-லேயே அதற்கென்று தனிப் புத்தகம் போட்டவர். அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால் நம்பாமல் என்ன செய்வது? உலகம் முழுக்க லேபுகளில் எதிர்பார்ப்பு. ஒரு சொட்டு, ஒரு கறை, ஆமா இல்லையா என்று விடை.

பிறகு மற்றவர்கள் போட்டுப் பார்த்தார்கள். சிஏ1 நல்ல திசுக்கள் பலவற்றிலும் ஒட்டியது. எந்த மீசோதீலியல் செல்லிடமிருந்து தப்பிக்க இதைத் தேடினார்களோ, அந்தத் தூண்டப்பட்ட மீசோதீலியல் செல்லிலும் ஒட்டியது. சில வருடத்துக்குள் சிஏ1 பேச்சே அடங்கிவிட்டது.

எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது. ஹாரிஸ் ஏமாற்றவில்லை, அவர்கள் பார்த்ததை எழுதினார்கள். கேள்விதான் தவறு. புற்றுநோய் என்பது ஒரே ஆள் இல்லை, அதனால் அதற்கென்று ஒரே முகம் கிடையாது. ஒவ்வொரு புற்றுநோயும் தான் பிறந்த உறுப்பின் சாயலைக் கொண்டிருக்கும். ஆகவே "இது புற்றுநோயா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நீ எந்த வீட்டுப் பிள்ளை?" என்று செல்லைக் கேட்க ஆரம்பித்தார்கள். நெஞ்சு நீரில் மிதக்கும் ஒரு செல் கருப்பைக்குப் பக்கத்துத் தெரு என்று அடையாளம் காட்டினால் அது அங்கே வந்திருக்கவே கூடாது. வந்திருக்கிறது என்றால் பரவியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படித்தான் கூட்டமாக ஆன்டிபாடி போடும் வழக்கம் வந்தது. ஒரு பக்கம், உறுப்புகளின் உள்வரிச் செல்களிலிருந்து வரும் புற்றுநோயைக் காட்டுபவை. சிஇஏ, 1965-ல் மான்ட்ரியலில் கோல்டும் ஃப்ரீட்மேனும் குடல் புற்றுநோயிலும் கருவின் குடலிலும் கண்டது. பெர்-இபி4, 1990-ல் வந்தது. அந்தப் பெயரில் உள்ள பெர், பெர்லின். கூன்ஸுக்கு யோசனை வந்த அதே ஊர்! இன்னொரு பக்கம், மீசோதீலியல் செல்லைக் காட்டுபவை. அதில் முக்கியமானது கால்ரெட்டினின். கண்ணின் விழித்திரையில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். நுரையீரல் உறையிலும் அது இருக்கிறது என்று 1996-ல் தெரிந்தது. கண்ணில் இருக்கும் புரதம் நெஞ்சுக்கூட்டில் என்ன செய்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். பிறகு வீட்டு விலாசம் சொல்பவை: டிடிஎஃப்-1 என்றால் நுரையீரல் அல்லது தைராய்டு, சிடிஎக்ஸ்2 என்றால் குடல், பாக்ஸ்8 என்றால் சினைப்பை, சிறுநீரகம் மாதிரி. எந்த ஒன்றையும் தனியாக நம்பக்கூடாது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று குறைந்தது நாலு சாட்சி வேண்டும் என்பது விதி.

நடுவில் ஒரு சமையலறைக் கண்டுபிடிப்பும் உண்டு. செல் பிளாக்கை ஃபார்மலினில் பதப்படுத்துவார்கள். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னிவிடும், ஆன்டிபாடிக்கு ஒட்ட இடம் தெரியாது. 1991-ல் ஷி, கீ, கல்ரா என்ற மூவர் ஸ்லைடைத் தண்ணீரில் போட்டு மைக்ரோவேவில் கொதிக்க வைத்தார்கள். பின்னல் தளர்ந்து மறைந்திருந்த இடங்கள் திறந்துகொண்டன. கொஞ்ச நாளில் பிரஷர் குக்கருக்கே மாறினார்கள். ஆமாம், நம் வீட்டில் சாதம் வைக்கும் அதே குக்கர். இன்றும் பல லேபுகளில் ஸ்லைடுகள் குக்கரில்தான் வேகின்றன. அத்தைக்கு இதைச் சொன்னபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு முதல்முறையாகச் சிரித்தார். "எத்தனை விசில்டா?" என்றார்.

ஆன்டிபாடியும் என்சைமும் நிறமும் சேர்ந்த இந்த வித்தை நம் ஊரில் ஒரு பெரிய வேலை செய்திருக்கிறது, புற்றுநோயில் அல்ல. 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியை சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவை எய்ட்ஸ் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி யார் ரத்தத்திலாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னார். இந்தியாவில் அந்த நோயே இல்லை என்று எல்லோரும் நம்பிய நேரம். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து, சீரத்தைப் பிரித்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு ஐஸ் பெட்டியில் போட்டுக் கணவரோடு ராத்திரி ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோனார். வேலூர் சி.எம்.சி.யில் எலைசா சோதனை. சில குழிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது அப்படித்தான்.

எலைசாவில் தேடுவது ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை. செல் சாயத்தில் ஆன்டிபாடியைக் கொண்டு செல்லைத் தேடுகிறோம். திசை வேறு, வித்தை ஒன்று. சென்ட்ரலிலிருந்து காட்பாடி போகும் ரயில் எங்கள் ஆவடி, பட்டாபிராம் வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஐஸ் பெட்டி எங்கள் ஊர் ஓரமாக இருட்டில் கடந்து போயிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. நம் வகுப்பில் மைக்ரோபயாலஜி படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கும் நண்பர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

புற்றுநோய் என்றதும் சென்னையில் அடையாறைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்த நோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று வருடக்கணக்கில் அலைந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954 ஜூன் 18-ல் 12 படுக்கையோடு கேன்சர் இன்ஸ்டிடியூட் திறந்தது. 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த வளாகம்தான் அவர் வீடு. அந்த நாளில் புற்றுநோய் என்றாலே முடிந்தது கதை என்று இருந்த மனநிலையை மாற்றவே அவர்கள் பாதி ஆயுளைச் செலவழிக்க வேண்டியிருந்தது. செல்லைப் பார்த்துச் சொல்லும் கலைக்கென்று ஐ.சி.எம்.ஆர். டெல்லியில் தனி ஆராய்ச்சி மையம் வைத்தது 1979-ல், உஷா லூத்ரா தலைமையில்.

இப்போது அத்தையின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். இரண்டாவது தடவை எடுத்த நீரில் ஒரு சொட்டைக்கூட வீணாக்காமல் அனுப்பினார்கள். சுழல வைத்து, அடியில் தங்கியதைக் கட்டியாக்கி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, ஒவ்வொரு சீவலிலும் ஓர் ஆன்டிபாடி. சிறிய லேபுகளில் இத்தனை ஆன்டிபாடி வாங்கி வைக்கக் கட்டுப்படியாகாது, அதனால் நகரத்துக்குள் ஒரு பெரிய லேபுக்குப் போய்விட்டு வந்தது. ஆறு நாள். அந்த ஆறு நாளும் மாமா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

பெர்-இபி4: பழுப்பு. கால்ரெட்டினின்: இல்லை. ஆக, இது மீசோதீலியல் செல் இல்லை. டிடிஎஃப்-1: இல்லை, நுரையீரலில் பிறந்ததற்கு அடையாளம் இல்லை. பாக்ஸ்8: பழுப்பு. டபிள்யூ.டி.1: பழுப்பு. இந்தக் கடைசி ஒன்றில் எனக்குக் குழப்பம் வந்தது. டபிள்யூ.டி.1 மீசோதீலியல் செல்லிலும் பழுப்பாகும் என்று படித்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, சினைப்பைப் புற்றுநோயின் ஒரு வகையிலும் அது பழுப்பாகும். தனியாகப் பார்த்திருந்தால் தப்பாகப் போயிருக்கும், பாக்ஸ்8-க்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே ஆதாரம். சிஏ1-ஐ நம்பியவர்கள் எங்கே வழுக்கினார்கள் என்று அப்போது எனக்கு நன்றாகப் புரிந்தது.

நடுவில் ரத்தத்தில் சிஏ-125 பார்த்திருந்தார்கள், ஏறியிருந்தது. அதுவும் ஆன்டிபாடி கொடுத்த சோதனைதான், 1981-ல் அமெரிக்காவில் பாஸ்ட் குழுவினர் கொண்டுவந்தது. ஆனால் வயிற்று டிபியிலும் சிஏ-125 ஏறும்! அதை மட்டும் வைத்து முடிவு சொல்லியிருந்தால் திரும்பவும் அதே முட்டுச்சந்து. செல்லைப் பிடித்துக் கேட்டதால்தான் விலாசம் கிடைத்தது. நோய் சினைப்பையில். நெஞ்சு நீர் அங்கிருந்து பரவியதன் அடையாளம். டிபி மாத்திரையை நிறுத்தினார்கள். முதலில் மூன்று தவணை கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு மீதித் தவணை.

அந்த லேபில் வேலை செய்யும் ஓர் அக்கா, நான் மைக்ரோபயாலஜி மாணவன் என்று தெரிந்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்டார். அத்தையின் ஸ்லைடு இல்லை, கற்றுக்கொடுக்க வைத்திருந்த வேறு ஒன்று. நீலக் கடலில் லிம்போசைட்டுகள் சின்னச் சின்னப் புள்ளியாய். நடுவில் ஆறேழு செல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பந்து. அந்தப் பந்தின் விளிம்பு மட்டும் டீ டிகாக்ஷன் நிறத்தில். பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே உருவத்தில் இன்னொரு செல், நீலமாகவே. "அது மீசோதீலியல், இது கேன்சர். சாயம் இல்லாம பார்த்தா நானே மாத்திச் சொல்லுவேன் தம்பி" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குதிரை, எலி, முள்ளங்கி, குக்கர், ரயில். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த எலி என்னடா ஆச்சு?" என்றார். எலி எப்போதோ செத்துப்போயிருக்கும் அத்தை, அதோட செல்லு மட்டும் மைனஸ் 196 டிகிரியில திரவ நைட்ரஜன்ல இருக்கும், வேணும்கிறப்ப வெளியே எடுத்து வளர்ப்பாங்க என்றேன். "பாவம்" என்றார். அத்தைக்கு இப்போது முடி முளைத்துவிட்டது, முன்பைவிடச் சுருட்டையாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப், ஆவடியிலிருந்து ரயிலில் மாமாவோடு போய் வருகிறார். அடுத்தது வருகிற மாதம் 12-ஆம் தேதி, நானும் கூடப் போகிறேன்.